ஆம்புலன்ஸ் பணிக்கு மடக்குக் கத்தி: வாங்குவது முதல் கழுவி வைப்பது வரை

108 ஆம்புலன்ஸிலோ தனியார் ஆம்புலன்ஸிலோ மருத்துவ உதவியாளராகப் புதிதாகச் சேர்கிறவர்களும், தொண்டு அமைப்புகளின் முதலுதவிக் குழுக்களில் பெயர் கொடுக்கிறவர்களும் ஆர்வத்தோடு முதலில் வாங்குகிற பொருள்களில் ஒன்று மடக்குக் கத்தி. எந்தக் கத்தி, எவ்வளவு நீளம், யாரிடம் அனுமதி, இரத்தம் பட்டால் எப்படிக் கழுவுவது என்ற கேள்விகளுக்குப் பயிற்சி வகுப்பில் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. நானும் இவற்றை ஆளுக்கொன்றாகக் கேட்டு, முரணான பதில்களுக்கிடையே அலைந்துதான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இது தமிழ்நாட்டில் பணிபுரிகிறவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நோயாளிக்கும் சிகிச்சைக்கும் நடுவே நிற்கிற துணி, பட்டை, கயிறு ஆகியவற்றை நீக்குவதற்குத்தான் இந்தக் கத்தி. நோயாளியின் உடலில் அதற்கு எந்த வேலையும் இல்லை. கீழே வருகிற படிகள் எல்லாம் இந்த வரையறைக்குள் அடங்குபவை.

1. கத்திக்கு முன் கத்தரியை வாங்குங்கள்

நீங்கள் வெட்ட வேண்டியவற்றில் பெரும்பகுதி ஆடை. அதற்கு உரிய கருவி ட்ராமா கத்தரி எனப்படும் வளைந்த கத்தரிக்கோல். அதன் கீழ்நுனி தட்டையாகவும் மழுங்கியும் இருப்பதால் தோலுக்கும் துணிக்கும் நடுவே வழுக்கிச் செல்லும், குத்தாது. ஏறத்தாழ ஏழரை அங்குல நீளமுள்ள சாதாரண ட்ராமா கத்தரி அறுவைக் கருவிக் கடைகளிலும் இணையத்திலும் 150 முதல் 400 ரூபாய்க்குள் கிடைக்கும். இரண்டாகவே வாங்கிவிடுங்கள். ஒன்று எப்படியும் யாருடைய பையிலாவது போய்ச் சேரும்.

இரண்டாவதாக, சீட் பெல்ட் வெட்டும் கொக்கி. இதன் கூர்விளிம்பு ஒரு பிளவுக்குள் மறைந்திருப்பதால் பட்டையைத் தவிர வேறெதுவும் அதற்குள் நுழையாது. விலை 200 முதல் 500 ரூபாய் வரை இருக்கும். இவை இரண்டும் கையில் இருந்தால் மடக்குக் கத்திக்கு மிச்சமிருக்கும் வேலை குறைவே: சரக்கு வண்டியின் தடித்த கயிறு, தார்ப்பாய், சாக்கு, எலும்பு முறிவுக்குச் சிம்பு வைக்க அட்டைப் பெட்டியையோ மரக்கிளையையோ சீவுவது, ஒரு மீட்டர் சதுரத் துணியை மூலைக்கு மூலை வெட்டி இரண்டு முக்கோணக் கட்டுத்துணிகள் ஆக்குவது போன்றவை. குறைவான வேலை என்பதற்காக அது தேவையற்றதாகிவிடாது. நான்குவழிச் சாலையில் கவிழ்ந்த லாரிக்குப் பக்கத்தில் நிற்கும்போது கத்தரியால் நைலான் கயிற்றை அறுக்க முயன்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

2. எந்தக் கத்தி

நான்கு இலக்கணங்களைப் பாருங்கள். அலகு மூன்று அங்குலத்தை ஒட்டி இருக்கட்டும்; அதற்கு மேல் எந்தத் தேவையும் இல்லை. நுனி கூராக இல்லாமல் வட்டமாகவோ மழுங்கலாகவோ இருக்க வேண்டும். விரித்த பின் அலகு தானாக மடங்காதபடி பூட்டு இருக்க வேண்டும். பூட்டு இல்லாத பேனாக்கத்தி அழுத்தி அறுக்கும்போது உங்கள் விரல்மீதே மடங்கும். அலகின் பாதியிலாவது ரம்பப் பல் இருக்க வேண்டும், ஏனெனில் நார்ப்பொருள்களை வழுவழுப்பான கூர்விளிம்பைவிடப் பல்லுள்ள விளிம்பே விரைவாக அறுக்கும். இவற்றோடு கையுறை போட்ட ஒரே கையால் திறக்கவும் மூடவும் முடிகிறதா என்று கடையிலேயே கையுறை மாட்டிச் சோதித்துப் பாருங்கள். கடைக்காரர் ஒருமாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

இந்த இலக்கணங்களுக்குப் பொருந்தும் உள்ளூர்த் தயாரிப்புகள் 300 முதல் 1,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் ரெஸ்க்யூ டூல், லெதர்மேன் நிறுவனத்தின் ராப்டர் ஆகியவை மீட்புப் பணிக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. முன்னதில் பட்டை வெட்டியும், கண்ணாடி உடைக்கும் முனையும், முன்கண்ணாடியை அறுக்கும் ரம்பமும் உண்டு. பின்னது உண்மையில் கத்தியே அல்ல. மோதிரம் வெட்டும் பகுதியோடு கூடிய மடக்குக் கத்தரி. இரண்டுமே பல ஆயிரம் ரூபாய் விலையுள்ளவை. வேலை நிலைக்குமா என்று தெரியாத முதல் ஆண்டில் அந்தப் பணத்தைச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

பொத்தானை அழுத்தினால் விசையோடு வெளியே பாயும் கத்தியை மட்டும் எக்காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். பையில் தானாகத் திறந்துகொள்ளும் ஆபத்து ஒரு பக்கம். காவல் சோதனையில் அதற்கு விளக்கம் சொல்லி மீள்வது இன்னொரு பக்கம்.

3. சட்டமும் ஆவணங்களும்

ஆயுதச் சட்டம், 1959-இன் கீழ் வந்த ஆயுத விதிகள், 2016-இன் அட்டவணைப்படி, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ உள்ள கத்திகள், அவை வீட்டு, வேளாண்மை, அறிவியல் அல்லது தொழில் பயன்பாட்டுக்கென வடிவமைக்கப்பட்டவையாக இல்லாவிட்டால், ஆயுதப் பட்டியலில் சேரும். மூன்று அங்குல மடக்குக் கத்தி அந்த அளவுக்கு வெகுதூரம் கீழே இருக்கிறது. ஆனால் பட்டியலில் இல்லை என்பதால் எங்கும் கொண்டுபோகலாம் என்று பொருளாகாது. தேர்தல் காலத்திலோ பதற்றமான நேரத்திலோ குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவின்படி தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டால், அந்த உத்தரவின் வாசகமே உங்களைக் கட்டுப்படுத்தும். நீதிமன்றம், சிறை, விமான நிலையம் போன்ற இடங்களுக்குத் தனித்தனி விதிகள் உண்டு.

ஆகவே கீழ்க்கண்ட தாள்களைக் கத்தியை வாங்கிய வாரத்திலேயே தயார் செய்யுங்கள். முதலாவது, உங்கள் பெயரில் எழுதப்பட்ட ரசீது. அதில் கத்தியின் பெயரும் அளவும் இருக்க வேண்டும். இரண்டாவது, நீங்கள் பணிபுரியும் நிறுவனம் அல்லது அமைப்பின் தலைப்புத்தாளில் ஓர் அனுமதிக் கடிதம். "மீட்புப் பணிக்காக இன்ன அளவுள்ள மழுங்கிய முனை மடக்குக் கத்தியைப் பணி நேரத்தில் வைத்துக்கொள்ள அனுமதிக்கப்படுகிறது" என்ற ஒரு வரியும், பொறுப்பாளரின் கையொப்பமும், அலுவலக முத்திரையும், தேதியும் போதும். மூன்றாவது, வண்டியின் பொருள் பதிவேட்டில் ஒரு பதிவு. இவற்றின் நகலை அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்; கைபேசியிலும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றிலும் தாமதமாவது அனுமதிக் கடிதம்தான். வாய்மொழியாக "வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு எழுத்தில் தரத் தயங்கும் மேலாளர்கள் நிறையப் பேர். அந்த வாய்மொழி அனுமதியை நம்பி நான் எடுத்துச் சென்ற கத்தியை ஒரு மருத்துவமனையின் வாயிற்காவலர் வாங்கி வைத்துக்கொண்டு, எழுத்தில் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தவறும் இல்லை. கடிதம் கைக்கு வரும்வரை கத்தரியோடும் கொக்கியோடும் மட்டும் பணிக்குச் செல்லுங்கள். எழுத்தில் தர முடியாது என்று மறுத்துவிட்டால் கத்தியை வீட்டில் வைத்துவிடுங்கள், வாதாடுவதால் பயனில்லை. உங்கள் நிறுவனத்தின் நடைமுறைக் கையேடு சொந்தக் கருவிகளைத் தடைசெய்தால் அதுவே இறுதி.

சாலை விபத்தில் உதவப்போகும் பொதுமக்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பளிக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட இப்பிரிவு, நல்லெண்ணத்தோடும் கைம்மாறு எதிர்பாராமலும் உதவியவர்மீது உரிமையியல், குற்றவியல் பொறுப்பு சுமத்தப்படாது என்கிறது. சம்பளம் வாங்கிப் பணியில் இருப்பவர் இதை நம்பிக்கொண்டு இருக்கக் கூடாது. அவருக்கு அளவுகோல் அவர் பெற்ற பயிற்சியும் நிறுவனத்தின் நடைமுறையுமே.

4. தடுப்பூசியை உடனே தொடங்குங்கள்

கத்தியைக் கையில் எடுப்பவருக்கு இரத்தம் படும். சில வேளை தன் கையே வெட்டுப்படும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணைகளாக, 0, 1, 6 மாதக் கணக்கில் போடப்படுவது. அதாவது இன்று தொடங்கினால்தான் அரையாண்டு கழித்து முடியும். மூன்றாம் தவணைக்குப் பின் ஒன்று முதல் இரண்டு மாதங்களுக்குள் எதிர்ப்பொருள் அளவைப் பரிசோதித்து, மில்லி லிட்டருக்கு 10 மில்லி ஐ.யு. (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். வேலையில் சேரும் நாளில் இதைக் கேட்கும் நிறுவனமும் உண்டு, கேட்காத நிறுவனமும் உண்டு. கேட்காவிட்டாலும் போட்டுக்கொண்டு அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். டெட்டனஸ் ஊசியின் கடைசித் தேதியையும் அதிலேயே குறித்துவையுங்கள்.

5. வைக்கும் இடம்

கத்தியைக் காற்சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு போட்டு வைக்காதீர்கள். சீருடையின் ஒரே இடத்தில், எப்போதும் ஒரே கைக்கு எட்டும்படி, மூடிய உறையில் இருக்கட்டும். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுவது கூடாது. குனியும்போது நோயாளியின் முகத்தில் இடிக்கும், கலவரமான நோயாளியின் கைக்கு நேராகவும் வரும். மதுபோதையிலோ மனக்குழப்பத்திலோ இருப்பவரை ஏற்றும் அழைப்பு என்று முன்பே தெரிந்தால், இறங்குவதற்கு முன் கத்தியை ஓட்டுநர் அறையில் பூட்டிவிடுங்கள்.

6. வெட்டும் முறை

வெட்டுவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லுங்கள். நோயாளி நினைவோடு இருந்தால், "அம்மா, அடிபட்ட இடத்தைப் பார்க்கணும், சட்டைக் கையை வெட்டப்போறேன்" என்று சொல்லி அவர் தலையசைத்த பின் வெட்டுங்கள். நினைவில்லாவிட்டாலும் உடன் இருப்பவர்கள் காதில் விழும்படி சொல்லுங்கள். வெட்டும் கருவியைக் கண்டு சுற்றி நிற்கும் கூட்டம் பதறுவது இயல்பு. பின்னால் வரும் புகார்களில் பாதி இந்த ஒரு வாக்கியம் சொல்லப்படாததால் வருவது என்பது என் எண்ணம்.

ஆடை: சட்டைக் கையை மணிக்கட்டிலிருந்து தோள்வரை, கால்சட்டையைக் கீழ் ஓரத்திலிருந்து இடுப்புவரை, தையலை ஒட்டிக் கத்தரியால் வெட்டுங்கள். ஜீன்ஸின் இடுப்புப் பட்டையில் கத்தரி திணறும். பெல்ட்டை வெட்ட முயலாமல் அதன் பக்கிளைக் கழற்றிவிட்டு, பொத்தானுக்குப் பக்கத்தில் வெட்டினால் எளிதாகும். புடவையை வெட்ட வேண்டிய தேவை மிக அரிது. கொசுவத்தை இளக்கினாலே வயிறும் காலும் வெளிப்படும். முடிச்சு இறுகிய பாவாடை நாடாவை மட்டும் வெட்டலாம். எதை வெட்டினாலும் அதற்கு முன்பே ஒரு போர்வையை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். பெண் நோயாளியானால் உறவுக்காரப் பெண் ஒருவர் அருகில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

தாலியை வெட்டாதீர்கள். இதயத்துடிப்பு மீட்புக் கருவியின் ஒட்டுத்தகடு சங்கிலியின்மேல் படியாமல் இருந்தால் போதும்; சங்கிலியைக் கழுத்தின் ஒரு பக்கமாக ஒதுக்கிவிடலாம். இறுகிய அரைஞாண் கயிறு வெறும் நூலாக இருந்தால் வெட்டலாம். வெள்ளியாக இருந்தால் மருத்துவமனைக்கு விட்டுவிடுங்கள். வீங்கும் விரலிலிருந்து மோதிரத்தை எடுக்கக் கத்தியைப் பயன்படுத்தவே கூடாது. நூல் சுற்றிக் கழற்றும் முறை இருக்கிறது, அது தோற்றால் மோதிரம் வெட்டும் கருவி இருக்கிறது. கழற்றிய நகை எதுவானாலும் சாட்சியோடு எழுதி ஒப்படையுங்கள்.

சீட் பெல்ட்: தோளுக்கு அருகே, பட்டையை ஒரு கையால் இழுத்து விறைப்பாக்கி, கொக்கியைச் சாய்வாக இழுத்தால் ஒரே இழுப்பில் அறும். கார் கவிழ்ந்து நோயாளி தலைகீழாகத் தொங்கும்போது அவருடைய எடை முழுவதையும் அந்தப் பட்டையே தாங்கிக்கொண்டிருக்கிறது. தலையையும் தோளையும் இரண்டு பேர் தாங்கிப் பிடிக்கும்வரை அதைத் தொடாதீர்கள். கண்ணாடியை உடைக்க வேண்டியிருந்தால் பெரும்பாலான கார்களில் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க நொறுங்கும். முன்கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது, அடித்தால் விரிசல்விடுமே தவிர உதிராது.

ஹெல்மெட்: ஒருவர் தலையையும் கழுத்தையும் நேராகப் பிடித்த பின்தான் இன்னொருவர் தாடைப் பட்டையை வெட்ட வேண்டும். பட்டைக்கும் தொண்டைக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்து, மழுங்கிய நுனிக் கத்தரியால் வெட்டுங்கள். கத்தியை இங்கே எடுக்கக் கூடாது.

தூக்கு: உயிர் இருக்கலாம் என்ற நிலையில் ஒருவர் உடலைத் தூக்கித் தாங்க, இன்னொருவர் கயிற்றை முடிச்சுக்கு மேலே தள்ளி அறுக்க வேண்டும். முடிச்சு காவல் துறைக்குத் தடயம்; அதை அவிழ்க்கவும் வெட்டவும் கூடாது. கழுத்தில் இறுகியுள்ள கண்ணியை முடிச்சுக்கு எதிர்ப்பக்கத்தில் கொக்கியால் அறுத்து நீக்குங்கள்.

7. கத்தி போகக் கூடாத இடங்கள்

பாம்புக்கடி. தமிழ்நாட்டில் இந்த எச்சரிக்கையை எத்தனை முறை சொன்னாலும் போதாது. கடிவாயைக் கீறி இரத்தம் வெளியேற்றினால் நஞ்சு இறங்கும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் கையில் கத்தியைக் கண்டதும் "ஒரு கீறு கீறுங்க தம்பி" என்று வற்புறுத்துவார்கள். கீறக் கூடாது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சு இரத்தம் உறைவதைக் கெடுப்பதால், நீங்கள் போடும் சிறு கீறலே நிற்காத இரத்தப்போக்காக மாறலாம். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, பாம்பு நஞ்சு முறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே சிகிச்சை.

இதோடு சேர்ந்த இன்னொரு பொறி, ஊரார் ஏற்கெனவே இறுக்கிக் கட்டிவிட்ட கயிறு. கட்டு தவறு என்று பயிற்சியில் படித்திருப்பீர்கள், கை அரிக்கும். ஆனால் அதைச் சட்டென்று அறுத்தால் தேங்கிய நஞ்சு ஒரேயடியாகப் பரவி, இரத்த அழுத்தம் சரியவோ மூச்சுத் தசைகள் செயலிழக்கவோ கூடும். கட்டை நீக்குவது மருத்துவர் முன்னிலையில், முறிவு மருந்தும் செயற்கை மூச்சுக்கான ஏற்பாடும் தயாராக உள்ள இடத்தில் நடக்க வேண்டியது. கட்டுப் போட்ட நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விபத்தில் பீறிடும் இரத்தத்தை நிறுத்தப் போட்ட இறுக்குக் கட்டுக்கும் இதே ஒழுங்கு.

தொப்புள்கொடி. வண்டியிலேயே பிரசவம் ஆனால், பிரசவப் பெட்டியில் உள்ள கிருமி நீக்கிய பிளேடையும் கவ்விகளையும் மட்டுமே பயன்படுத்துங்கள். அவை இல்லையென்றால் கொடியை வெட்டாமல், குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்போடு சேர்த்துப் போர்த்தி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லலாம். வெட்டியே ஆக வேண்டிய அவசரம் அங்கே இல்லை; கிருமி நீக்காத கத்தியால் டெட்டனஸ் வரும் அபாயம் உண்டு.

தீக்காயம். தோலோடு ஒட்டிய துணியை உரிக்காமல், ஒட்டாத பகுதியை மட்டும் சுற்றிலும் வெட்டிவிடுங்கள்.

உடலில் குத்தி நிற்கும் கம்பியையோ கண்ணாடியையோ எடுக்காதீர்கள். தொண்டையில் துளையிட்டு மூச்சுக்கு வழிசெய்வது திரையில் காட்டும் வித்தை. நிஜத்தில் பயிற்சி பெற்ற மருத்துவரின் வேலை. கிருமி நீக்கிய உறைகளைக் கத்தியால் திறக்காதீர்கள், கிழிக்கும் ஓரம் அதிலேயே உண்டு. சலைன் குழாய்க்கு அருகே பிளாஸ்திரியை வெட்டவும் கத்தி கூடாது.

8. தடயமும் பதிவும்

கத்திக்குத்து, துப்பாக்கிக் காயம், சந்தேக மரணம் ஆகியவற்றில் துணியில் உள்ள ஓட்டையின் வழியாக வெட்டாதீர்கள். அதை விட்டு விலகி வெட்டுங்கள். அகற்றிய ஆடையைத் தாள் உறையில் தனியாகப் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் அழியும். நோயாளி பதிவுத்தாளில், எதை, எந்த இடத்தில், ஏன் வெட்டினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். மருத்துவமனையில் விபத்துப் பதிவேடு எழுதும் மருத்துவரிடமும் சொல்லுங்கள், ஏனெனில் துணியில் நீங்கள் போட்ட வெட்டுக்கும் காயத்தோடு வந்த வெட்டுக்கும் வேறுபாடு பிறகு கேட்கப்படலாம். உங்கள் கத்தியையே காவல் துறை எடுத்துக்கொள்ள நேர்ந்தால் மகஜர் எனப்படும் பறிமுதல் ஆவணத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். திரும்பக் கிடைக்க வழக்கு முடியவும் ஆகலாம். விலையுயர்ந்த கத்தி வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

9. சுத்தம் செய்தல்

மடக்குக் கத்தியின் பலவீனம் அதன் கீல்தான். அலகைத் துடைத்துவிட்டு மடக்கினால் உள்ளே போன இரத்தம் அங்கேயே காயும். ஆகவே இரத்தம் பட்ட கத்தியை மடக்காமல், விரித்தபடியே குத்துப்படாத பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள். கனமான கையுறையோடு, சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் கீலையும் பல்வரிசையையும் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு 70 சதவீத ஆல்கஹாலால் ஈரமாக்கித் தானாக ஆறவிடுங்கள். அழுக்கின்மேல் ஆல்கஹால் ஊற்றுவதால் பயனில்லை என்பதால் இந்த வரிசை மாறக் கூடாது. வண்டித் தரையைத் துடைக்கும் ஹைப்போகுளோரைட் கரைசலில் ஊறப்போட்டால் எஃகு அரிக்கும். கீலுக்கு ஒரு சொட்டு லிக்விட் பாரஃபின் விடுங்கள்; தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

இதற்கெல்லாம் உலர்த்தும் நேரம் சேர்த்து அரைமணி நேரம் ஒதுக்குங்கள். இவ்வளவு செய்தாலும் கத்தி சுத்தமானதாகுமே தவிர, கிருமி நீக்கியதாகாது. கழற்றிப் போடும் பிளேடு கொண்ட கத்தியானால், கழித்த பிளேடு 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி குத்துப்படாத வெள்ளை நிறப் பெட்டிக்குள் போக வேண்டும்; இரத்தம் பட்ட பஞ்சும் துணியும் மஞ்சள் பைக்கு.

10. உங்கள் கை வெட்டுப்பட்டால்

காயத்தைப் பிதுக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். உடனே பொறுப்பாளருக்குத் தெரிவித்து, நேரத்தையும் நோயாளியின் பதிவு எண்ணையும் எழுதி, மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால், முடிந்தால் 2 மணி நேரத்துக்குள்ளும், எப்படியும் 72 மணி நேரத்துக்குள்ளும் தொடங்கி, 28 நாள் சாப்பிட வேண்டும். பணி முடிந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதுதான் இங்கே பலரும் விழும் பள்ளம். நான்காம் படியில் சொன்ன தடுப்பூசி அட்டை இப்போதுதான் தேவைப்படும். அதைப் பார்த்தே ஹெபடைட்டிஸ் பி-க்கு மேற்கொண்டு ஊசி வேண்டுமா என்று முடிவு செய்வார்கள்.

11. பணி முடிந்த பின்

சீருடையைக் கழற்றும்போது கத்தியையும் வண்டியிலோ நிலையத்துப் பெட்டியிலோ பூட்டிவிடுங்கள். அனுமதிக் கடிதம் பணி நேரத்துக்கு மட்டுமே பேசும். மெட்ரோ ரயில் நுழைவாயிலில் அது செல்லாது. விமானத்தில் செல்ல வேண்டியிருந்தால் கைப்பையில் வைக்காமல், சரக்காக ஒப்படைக்கும் பெட்டிக்குள் உறையோடு வையுங்கள். பணியிலிருந்து விலகும்போது பொருள் பதிவேட்டில் உள்ள பதிவை ரத்து செய்து, அதில் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள்.